அறுபதாவது வரி

7 ஜூலை 2024, ஞாயிறு

குழுவுக்கு இன்றோடு ஒரு வயது. யாருக்கும் நினைவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

சயாம் மரண ரயில்பாதை போட யுத்த காலத்தில் ஜப்பான்காரன் எங்கள் வட்டார ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போன தமிழர்களுக்கு, டவுன் பூங்காவில் ஒரு நினைவுச்சுவர் எழுப்புகிறோம். கறுப்புக் கல், அதில் பெயர்கள். தலைவர் வேலாயுதம், டத்தோ பட்டம் வாங்கியவர், வீடு கட்டி விற்பவர், நல்ல மனசு, நீண்ட பேச்சு. சட்டத்தைப் பார்த்துக்கொள்ள ரேணுகாதேவி, முப்பத்தைந்து வயது வழக்கறிஞர், சிரிக்கக் கட்டணம் கேட்கும் ரகம். செயலாளர் நான், தணிகாசலம், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். செயலாளர் என்றால் கடிதம் எழுத வேண்டும், நாற்காலி எண்ண வேண்டும், மற்றவர்கள் மறந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 10 நிதி விருந்து. செப்டம்பர் 22 திறப்பு விழா. இன்றைய கூட்டத்தில் முக்கால் மணி நேரம் விருந்து மண்டப அலங்காரத்தில் போயிற்று. டத்தோவுக்கு மேசைதோறும் மூங்கில் வேண்டுமாம்.

"அவங்க மூங்கி காட்டுலதான வாத்தியாரே கெடந்தாங்க. வர்றவங்களுக்கு ஒரு ஃபீலிங் வேணும்ல."

மூங்கில் கொட்டகையில் வாந்திபேதி கண்டு செத்தார்கள், அதே மூங்கிலைப் பார்த்துக்கொண்டே கோழி வறுவல் இறங்குமா என்று கேட்டேன். ரோஜா என்று முடிவாயிற்று.

என் யோசனை ஒன்றும் தேறியது. தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிடுவார், அவரவர் "இருக்கேங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். திறப்பு விழாவில் சுவரில் உள்ள பெயர்களை அதேபோலக் கூப்பிடுவோம், அந்தக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து அவருக்காக "இருக்கேங்க" என்று சொல்லட்டும் என்றேன். டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேர் கூப்பிட நான்தான் சரி என்று எல்லாரும் சொன்னார்கள். முப்பத்தாறு வருஷம் வகுப்பில் கூப்பிட்ட தொண்டை, மறுக்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மீன் பொரித்தேன். எண்ணெய் இரண்டு மீனுக்கு ஊற்றிவிட்டேன். மனைவி கமலவேணி போய் இரண்டு வருஷம் ஆகியும் ஒரு ஆள் அளவு எனக்குக் கைவரவில்லை.

11 ஜூலை, வியாழன்

பெரியவர் இன்று நான்கு பெயர் கொடுத்தார். மொத்தம் நாற்பத்தொன்று.

குழுவில் எல்லாருக்கும் பெரியவரைத் தெரியும், ஆனால் பார்த்தவர் இல்லை. புக்கிட் மெராந்தித் தோட்டத்துப் பழைய ஆள், வெளியே வரமாட்டார், என்னிடம் மட்டும் பேசுவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மழை நாளில் அவரிடம் போவதில்லை. ஈரம் அவருக்கு ஆகாது.

14 ஜூலை, ஞாயிறு

மழை. மகள் நளாயினி பெர்த்திலிருந்து பேசினாள். பதினொரு நிமிஷம். அதில் நான்கு நிமிஷம் அவள் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லாதது பற்றி.

18 ஜூலை, வியாழன்

வியாழக்கிழமைகளில் டவுன் நூலகத்தில் மேசை போட்டுப் பெயர் பதிகிறோம். இன்று ஓர் அம்மாள் வந்தார். அங்கம்மா, எண்பத்து நான்கு வயது. கைத்தடியில்லாமல் நேராக நடந்து வந்து, நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா பேரு சடையன். புக்கிட் மெராந்தி. எனக்கு மூணு வயசுல கூட்டிக்கிட்டுப் போனானுங்க. பேரப் போடணும்."

ரேணுகா அவருடைய ஐசியை, அடையாள அட்டையை, வாங்கிப் பார்த்தாள். தகப்பன் பெயர் கருப்பன் என்றிருந்தது.

"அது எங்க சித்தப்பா. ஜப்பான்காரன் போனப்புறம் எல்லாருக்கும் பத்திரம் எடுத்தாங்க. ஆத்தா காய்ச்சல்ல கெடக்குது. கிராணிதான் வந்தாரு. இல்லாத ஆளு பேரப் போட்டா புள்ளைக்கு அரிசி கெடைக்காது, கருப்பன் புள்ளன்னு எழுதிக்கறேன்னாரு. நல்லதுக்குத்தான் எழுதுனாரு. அன்னிலேருந்து நான் கருப்பன் மவ."

எங்கள் விதி ரேணுகா போட்டது, நல்ல விதி. குடும்பத்தார் வாக்கு ஒன்று, அதற்கு ஒத்துப்போகும் பத்திரமோ சாட்சியோ இன்னொன்று.

"அம்மா, கல்லுல வெட்டிட்டா அழிக்க முடியாது. நீங்க சொல்றது ஒண்ணு, பத்திரம் சொல்றது ஒண்ணா இருக்கு. அந்தக் காலத்து ரெக்கார்ட் ஏதாவது நான் கண்ணால பாக்கணும். இல்லன்னா நேர்ல பாத்தவங்க வரணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், உங்க பெரியவரு அதே தோட்டம்தான?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அங்கம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது ஒன்று சொன்னார். அவருடைய தாயார் சாகும்வரை தாலி கழற்றவில்லையாம். செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை, எப்படிக் கழற்றுவது? வருஷா வருஷம் படையல் போடவும் தேதி கிடையாது.

"சுவத்துல பேரு வந்துட்டா அதுக்கு முன்னாடி நின்னு ஒரு சூடம் காட்டிடுவேன். அது போதும் எனக்கு."

19 ஜூலை, வெள்ளி

பெரியவரிடம் கேட்கவில்லை.

25 ஜூலை, வியாழன்

அங்கம்மா மறுபடி வந்தார். அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அந்தப் பெரியவரு என்னங்க சொன்னாரு?" என்றார். உடம்பு முடியவில்லை என்றேன். "என்ன ஒடம்புக்கு?" என்றார். வயசுதான் என்றேன். "எனக்கும் வயசுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த டத்தோ, திறப்பு விழாவில் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தியே ஆகவேண்டும் என்கிறார். சக்கர நாற்காலிக்குச் சொல்லியாயிற்றாம். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

3 ஆகஸ்ட், சனி

நாட்குறிப்பிலுமா பொய் எழுதுவது? கையெழுத்து நன்றாக இருந்தால் போதாது, எழுதுவதும் உண்மையாக இருக்க வேண்டும் என்று இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பெரியவர் என்று ஒருவரும் கிடையாது. என் படுக்கையறை அலமாரியில், கமலவேணியின் புடவைகளுக்கு அடியில், ஒரு செக்ரோல் புத்தகம் இருக்கிறது. புக்கிட் மெராந்தித் தோட்டத்தின் ஆள் பதிவேடு. அங்கே சின்னக் கிராணியாக இருந்த மாசிலாமணி என் அப்பா. எனக்கு மூன்று வயதாகும்போது தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டோம். 1981இல் அவர் இறந்தபின் தகரப் பெட்டியில் இது கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு: "சயாம், 60 ஆள்." அப்பாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். எனக்கு 'அ' எழுதப் பழக்கிய கை.

நான் கொடுத்த பெயர்கள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. குடும்பங்களும் வந்து அதே பெயர்களைச் சொன்னதால் ரேணுகா மேற்கொண்டு கேட்கவில்லை.

சடையன் அதில் இருக்கிறார். அறுபதாவது வரி. இன்றைக்கு இது போதும்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று நிதி விருந்து. நாற்பது மேசையும் நிறைந்தன. டத்தோவுக்கு ஏழு நிமிஷம் கொடுத்திருந்தேன், இருபத்தாறு நிமிஷம் பேசினார், ஆனால் கல்லுக்கான தொகை முழுவதும் சேர்ந்துவிட்டது, அதனால் மன்னித்தேன். நன்றியுரை நான். கைதட்டினார்கள். யார் யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்டு, வாத்தியாரே நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது என்றார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டு வருஷமாக என்னைத் தொட்டுப் பேசியவர்கள் பல் மருத்துவரும் முடி வெட்டுபவரும்தான். நேற்று முப்பது பேராவது தொட்டிருப்பார்கள். இந்தக் குழு இல்லையென்றால் எனக்கு வியாழக்கிழமை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

மீந்த ரோஜாக்களை ஆளாளுக்கு எடுத்துப் போனார்கள். எனக்கு வேண்டியிருக்கவில்லை.

15 ஆகஸ்ட், வியாழன்

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகலெடுக்கும் கடைக்குப் போனேன். சடையன் பெயர் மட்டும் தெரியும்படி ஒரு நகல் எடுத்து ரேணுகாவிடம் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். ஒரு வெள்ளைத் தாளைச் சீராக வெட்டிக் கொண்டுபோயிருந்தேன்.

முடியவில்லை. அறுபதாவது வரியில் முதலில் இருப்பது வேறு பெயர். அறுபது ஆளில் ஒருவராக ஒரு கிராணியும் போகவேண்டும் என்று உத்தரவாம், ஓரத்தில் குறித்திருக்கிறது. அந்த வரியில் "மாசிலாமணி, சி. கிராணி" என்று எழுதி, சிவப்பு மையால் அடித்து, அந்த அடித்தலின் மேலேயே "சடையன்" என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே கை. ஒன்றை மறைத்தால் மற்றதும் மறைகிறது.

கடைக்காரப் பெண் எவ்வளவு நேரம் பொறுப்பாள். "அங்கிள், காப்பி வேணுமா வேண்டாமா?" என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நான் 1947இல் பிறந்தேன். அடித்த வரியால் பிறந்தவன். இதை 1981இலிருந்து அறிவேன். கமலவேணிக்குக்கூடச் சொன்னதில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

நளாயினியிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஐம்பது நிமிஷம் பேசினோம்.

"அப்பா, தாத்தா செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்க அப்போ பொறக்கவேயில்ல."

"அதத்தாம்மா சொல்றேன். அதுக்கப்புறம்தான் பொறந்தேன்."

 "அப்ப நானும்தான்" என்றாள். அழுதாளோ என்னவோ, தொலைபேசியில் தெரியவில்லை.

26 ஆகஸ்ட், திங்கள்

கல் வெட்டும் சீனர் ஈப்போவிலிருந்து கூப்பிட்டார். செப்டம்பர் 2க்குள் கடைசிப் பட்டியல் வேண்டும், அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது என்கிறார்.

அந்தக் காலத்துச் சேதியை யோசித்துப் பார்க்கிறேன். ஏன் சடையன்? தட்டிக் கேட்க ஆளில்லாதவர் என்றா? அன்று காலை பெரட்டில் முன்வரிசையில் நின்றுவிட்டார் என்றா? யோசித்தால் அப்பாவின் முகம் வருகிறது. அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையில்தான் உட்காருவார். அடக்கமான மனிதர் என்று ஊரில் சொல்வார்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது, வந்ததும் அவருக்குச் சோறு போடத் தோன்றுகிறது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

31 ஆகஸ்ட், சனி

சுதந்திர தினம். ரோடெல்லாம் கொடி. புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அங்கம்மா வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் நான்காவது மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். திரும்பிவிடலாம் என்று இரண்டு இடத்திலும் நினைத்தேன்.

தனியாகத்தான் இருக்கிறார். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேத்தண்ணி கலந்தார். நான் குடிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று, "அம்மா, நான் புக்கிட் மெராந்தி சின்னக் கிராணி மகன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"மொத நாளே தெரியும். அவரு மாதிரிதான் தலையச் சாச்சுக்கிட்டு எழுதுறீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதை நான் சொன்னேன். புத்தகத்தைத் திறந்து, அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், விரலை வைத்து வரியைக் காட்டினேன். இது எங்க அப்பா பேரு. இது சிவப்புக் கோடு. இது மேலே எழுதியது, உங்க அப்பா பேரு. வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"தேதி போட்டிருக்கா?"

"இருக்கு. ஜூன் பதினாறு. வருஷம் 2603ன்னு போட்டிருக்கு, அது ஜப்பான்காரன் வருஷக் கணக்கு. நம்ம கணக்குல 1943."

"ஜூன் பதினாறு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நடந்து போன நாளு. செத்த நாளு இல்ல. பரவால்ல, அதையே வச்சிக்கறேன்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்காத்தா வருசமெல்லாம் கிராணியக் கையெடுத்துக் கும்புடும். அரிசிக்கு வழி பண்ணாருன்னு. உங்கப்பாவும் அத வாங்கிக்கிட்டுப் பேசாமப் போவாரு."

 மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தேன், அது எனக்குச் சொல்லும் உரிமை உள்ள வார்த்தையா என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

"புத்தகத்த அந்த வக்கீல் பொண்ணுக்கிட்டக் காட்டுங்க. பேரப் போடுங்க. ஆனா ஒண்ணு. பெரட்டு மாதிரி பேரு கூப்புடப் போறீங்களாமே, நீங்கதான் கூப்புடறீங்களாமே."

"ஆமாம்மா."

"வேணாம். எங்கப்பா பேர ஒருவாட்டி உங்கூட்டு ஆளு கூப்ட்டுத்தான் அவரு போனாரு. இன்னொரு வாட்டி வேணாம். நீங்க அன்னிக்கு அங்க வரவும் வேணாம்."

சரி என்றேன். தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. அதைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

2 செப்டம்பர், திங்கள்

அவசரக் கூட்டம். புத்தகத்தை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டத்தோ கதவைச் சாத்தினார்.

"வாத்தியாரே, பேரு இருக்கு, பாத்துட்டோம், போட்டுருவோம். இந்தச் செவப்புக் கோடெல்லாம் எதுக்கு வெளிய? ஒங்க அப்பா பேரு கெட்டுப் போவும். விழாவும் கெடும். நம்ம ஆளே நம்ம ஆள எழுதிக் குடுத்தான்னு பேப்பர்ல வந்தா நல்லாவா இருக்கும்?"

ரேணுகா அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு, "சார், இது கண்ணாடிப் பெட்டிக்குள்ள சுவர் பக்கத்துல இருக்கணும். இந்தப் பக்கம் தெறந்தாப்ல. நீங்க ஒத்துக்கிட்டா மட்டும்" என்றாள்.

ஒத்துக்கொண்டேன். நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. 

மாலை ஈப்போவுக்குப் பட்டியல் போயிற்று. கடைசிப் பெயர் சடையன்.

5 செப்டம்பர், வியாழன்

நூலக மேசை இன்றி ஒரு வியாழன். பதிவு முடிந்துவிட்டது. வீட்டுச் சன்னல்களைத் துடைத்தேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

ரேணுகா வீட்டுக்கு வந்தாள். பேர் கூப்பிடப் பழக்கிவிட்டேன். எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் ஓட்டுகிறாள். "நிறுத்தும்மா. பதில் வர்ற வரைக்கும் அடுத்த பேருக்குப் போகக்கூடாது. பதிலே வராத பேர் இருக்கும், அதுக்கும் அதே நேரம் நிக்கணும்" என்றேன். மூன்று முறை சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

நான் வரமாட்டேன் என்பதற்குக் காரணம் கேட்டாள். அங்கம்மா சொன்னதைச் சொன்னேன். வக்கீலாச்சே, வாதாடுவாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டுத் தாள்களை அடுக்கினாள்.

டத்தோவிடம் மூட்டுவலி என்று சொல்லியிருக்கிறேன். குழுவின் வாட்ஸ்அப்பில் எட்டு பேர் கும்பிடும் கை அனுப்பியிருக்கிறார்கள்.

22 செப்டம்பர், ஞாயிறு

ஐந்து மணிக்கே விழிப்பு. குளித்து, விழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். போவதற்கில்லை என்றாலும் வேறு சட்டை போட மனம் வரவில்லை.

நிகழ்ச்சி நிரல் நான் எழுதியது. 9.00 வருகை, தேநீர், வடை. 9.30 குத்துவிளக்கு. 9.40 டத்தோ, ஏழு நிமிஷம். 10.00 திரை விலக்கல். 10.10 பேர் கூப்பிடுதல். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 9.40க்கே தெரிந்துவிட்டது, இது நடக்கிற காரியமில்லை. டத்தோ எப்போது முடிப்பார் என்று கடவுளுக்கும் தெரியாது. எந்த நிமிஷத்தில் எந்தப் பெயர் என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். இந்த வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கமலவேணி இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்திருப்பாள். அழுதேன். அப்பாவுக்காகவா, சடையனுக்காகவா, எனக்காகவா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்கு வாசலில் வாடகைக் கார் நின்றது. அங்கம்மா இறங்கினார். நீலப் புடவை, தலையில் பூ. கையில் ஒரு பொட்டலம். ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கேட் வரை வந்தார்.

"உள்ள வாங்கம்மா."

"இல்ல."

கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கேட்கலாமா என்று தெரியாமலே கேட்டேன்.

"பேர் கூப்பிட்டாங்களா?"

"கூப்ட்டுச்சு, அந்தப் பொண்ணு. நல்லா நிறுத்திக் கூப்ட்டுச்சு." பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "என்னமோ சொல்லணும்னு எழுதிக் குடுத்திருந்தீங்களே, எல்லாரும் அதச் சொன்னாங்க. எனக்கு வாயில வரல. அப்பான்னுட்டேன். அவ்வளவு கூட்டத்துல, இந்த வயசுல."

"அது சரியான பதில்தாம்மா."

"சரியா தப்பான்னு கேக்க வரல."

பொட்டலத்தைக் கேட் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார். விழாச் சாப்பாடு, இன்னும் சூடாக இருந்தது. எனக்கு வாங்கக் கை வரவில்லை. நிற்பதைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை ஒருமுறை ஆட்டினார்.

"வரவேணாம்னுதான் சொன்னேன். பட்டினி கெடக்கச் சொல்லல. புடிங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்க் காரில் ஏறினார். கார் முனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். இலையைப் பிரித்தேன். சோறு, சாம்பார், முட்டைக்கோஸ், ஒரு வடை. ஒரு ஆளுக்கு அளவாக இருந்தது. உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.